எம்ஜி வட்டாரக் கிளப்: இவ்வாண்டு நிகழ்ச்சிகளும், புதிய மின்சார எம்ஜிகளுக்கு இடம் தரலாமா என்ற கேள்வியும்

எண்கோணம் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் இயங்கும் எங்கள் எம்ஜி கிளப் வட்டாரக் கிளையின் இவ்வாண்டு நிகழ்ச்சிகளைப் பற்றிச் சில செய்திகளையும், செயற்குழுவில் இன்னும் முடிவு எட்டப்படாத ஒரு கேள்வியையும் இங்கே முன்வைக்கிறேன். எம்ஜி என்றவுடன் இன்றைய ஹெக்டர் காரை நினைக்கும் வாசகர்கள் தமிழ்நாட்டில் இப்போது மிகுதி என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஆக்ஸ்ஃபோர்டின் மோரிஸ் கராஜஸ் நிறுவனத்தில் மேலாளராக இருந்த செசில் கிம்பர் 1920-களில் உருவாக்கத் தொடங்கி, பின்னர் 1929 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் தயாரான சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சுற்றித்தான் எங்கள் கிளை வளர்ந்தது.

தாய்க் கிளப் 1930-இல் தொடங்கப்பட்டது. அதன் அலுவலகம் இன்றும் ஆபிங்டனில், பழைய ஆலை இருந்த இடத்துக்கு அருகிலேயே இருக்கிறது. டி வகை, எம்ஜிஏ, எம்ஜிபி என்று வண்டி வகைக்கு ஒரு ரெஜிஸ்டர் என்ற பிரிவும், வட்டாரத்துக்கு ஒரு சென்டர் என்ற கிளையும் அதற்கு உண்டு. ஆயினும் பெரும்பாலான உறுப்பினர்களுக்குக் கிளப் என்றால், மாதத்தில் ஒரு மாலை ஊர்ப்புறப் பப் ஒன்றில் கூடிப் பேசும் ‘நேட்டர்’ சந்திப்புதான். வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சேர்க்க முடியாமல் இருப்பவர்கூடப் பேருந்தில் வந்து கலந்துகொள்வார். சொல்லப்போனால் அவரிடம்தான் பேசுவதற்கு அதிகம் இருக்கும்.

இனி நிகழ்ச்சிகள். குளிர்காலத்தின் கடைசித் தொழில்நுட்ப மாலை, ஊர் மண்டபத்தில், எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் எஸ்யூ வகைக் கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்ப்பது பற்றியதாக இருக்கும். ஏப்ரலில் டிரைவ் இட் டே வருகிறது. 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று அறுபதுக்கும் மேற்பட்ட மோட்டார் வண்டிகள் லண்டன் ஹைட் பார்க் முனையிலிருந்து எடின்பரோ வரை சென்று திரும்பப் புறப்பட்ட ஆயிரம் மைல் சோதனைப் பயணத்தின் நினைவாக, அந்தத் தேதியை ஒட்டிய ஞாயிறன்று நாடெங்கும் பழைய வண்டிகளைச் சாலைக்குக் கொண்டுவரும் நாள் அது. வண்டியின் முகப்பில் பொருத்தும் பலகையின் விற்பனைத் தொகை, குழந்தைகளுக்கான சைல்டுலைன் தொலைபேசிச் சேவைக்குச் செல்கிறது. ஜூன் மாத வார நாள் மாலையொன்றில் குறிப்புகளைப் பின்தொடர்ந்து செல்லும் புதையல் வேட்டை, ஆகஸ்டில் பப்பின் பின்புறத் திடலில் வண்டிக் காட்சி, செப்டம்பரில் பியூலியில் நடக்கும் பழைய உதிரிபாகச் சந்தைக்கு ஒரு வேனைப் பகிர்ந்துகொண்டு செல்வது என்று ஆண்டு நிறைந்திருக்கிறது.

கேள்வி இதுதான். அண்மையில் கிளையில் சேர்ந்தவர்களில் சிலரிடம் இருப்பவை எம்ஜி4, ஜெட்எஸ் போன்ற மின்சார வண்டிகள். எம்ஜியின் எண்கோணச் சின்னம் தாங்கிய எந்த வண்டியையும் தாய்க் கிளப் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே உறுப்புரிமை பற்றிய ஐயம் ஏதுமில்லை. ஆனால் ஏப்ரல் பயணத்திலும் ஆகஸ்ட் காட்சியிலும் அவ்வண்டிகள் பழைய வண்டிகளோடு வரிசையில் நிற்கலாமா என்பதில் செயற்குழு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. என் கருத்தைப் பிறகு சொல்கிறேன். பழைய வண்டிகளோடு பழகிய நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வயர்வீல்:

எண்கோணம் அவர்களுக்கு வணக்கம். நான் எம்ஜிஏ வைத்திருப்பவன். ஆகவே என் பதில் எந்தப் பக்கம் சாயும் என்பதை நீங்கள் ஏற்கெனவே ஊகித்திருப்பீர்கள். இருந்தாலும் காரணங்களை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, வண்டியின் வழி. ஆபிங்டன் ஆலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது. அதன் பிறகு அந்தப் பெயர் மெட்ரோ போன்ற குடும்ப வண்டிகளின் மேல் ஒட்டப்பட்டது. 1995-இல் எம்ஜிஎஃப் மூலம் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மீண்டும் வந்தது. 2005 ஏப்ரலில் எம்ஜி ரோவர் நிறுவனம் திவாலானது. சீனாவின் நான்ஜிங் ஆட்டோமொபைல் அதை வாங்கியது, 2007-இல் அது எஸ்ஏஐசி என்ற மற்றொரு சீன நிறுவனத்தோடு இணைந்தது, 2016-இல் பர்மிங்காமின் லாங்பிரிட்ஜ் ஆலையில் வண்டிகளைப் பொருத்தும் பணியும் நின்றுபோனது. இன்றைய எம்ஜி4 நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் ஆபிங்டனில் வேலை செய்த ஒருவரின் கையும் அதில் படவில்லை, அங்கே வரையப்பட்ட ஒரு கோடும் அதில் இல்லை. பெயரை விலைக்கு வாங்கலாம். பட்டறையின் வழிவந்த அறிவை அப்படி வாங்க முடியாது.

இரண்டாவது, காட்சிக்கு வருபவர்களின் எதிர்பார்ப்பு. ஆகஸ்டில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வரும் ஊர் மக்கள், அன்றாடம் பல்பொருள் அங்காடியின் நிறுத்தத்தில் காணும் வண்டியைப் பார்ப்பதற்காக வருவதில்லை. மூன்றாவது, பயணத்தின் வேகம். 72 குதிரைத்திறன் கொண்ட என் வண்டி மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது, பின்னால் ஒலியே எழுப்பாமல் 200 குதிரைத்திறன் ஒன்று வந்து நிற்பது, கண்ணாடியில் பார்க்கும் எனக்கு மனநிம்மதி தரும் காட்சி அன்று.

யாரையும் அவமதிக்க வேண்டும் என்பது என் நோக்கமில்லை. மாலைச் சந்திப்புக்கு அவர்கள் தாராளமாக வரட்டும். வரிசையில் மட்டும் வேண்டாம் என்கிறேன்.

ரப்பர்பம்பர்:

வணக்கம். என் பெயரைப் பார்த்தாலே என்னிடம் இருப்பது எந்த வண்டி என்று புரிந்துவிடும். 1977-இல் தயாரான எம்ஜிபி ஜிடி, கறுப்பு நிற மூக்கோடு கூடியது. வயர்வீல் ஐயாவின் வாதத்தை மரியாதையோடு படித்தேன். ஆனால் அந்த வாதத்தை எம்ஜி கிளப்புகள் முதன்முறையாகக் கேட்கவில்லை. ஏறத்தாழ ஒவ்வொரு தலைமுறையும் அதைக் கேட்டிருக்கிறது.

1935-இல் எம்ஜி நிறுவனம் மோரிஸ் மோட்டார்ஸின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது, பந்தயப் பிரிவு மூடப்பட்டது. மறு ஆண்டு வந்த, டி வகையின் முதல் வண்டியான டிஏ மிட்ஜெட்டில், அதற்கு முந்தைய மிட்ஜெட்டுகளின் பெருமையாக இருந்த, கேம்ஷாஃப்ட் தலைப்பகுதியில் மேலே அமைந்த எஞ்சின் போய், சாதாரணக் குடும்ப வண்டியிலிருந்து எடுத்த எளிய புஷ்ராட் எஞ்சின் வந்தது. ஹைட்ராலிக் பிரேக்கையும் அப்போதைய தூய்மைவாதிகள் ஐயத்தோடுதான் பார்த்தார்கள். இன்று அதே டி வகைதான் எல்லோரும் கைகூப்பும் வண்டி. 1953-இல் இசட்ஏ மேக்னெட் என்ற நான்கு கதவு வண்டி அறிமுகமானபோது எதிர்ப்பு இன்னும் கடுமையாக இருந்தது. 1933-இல் இத்தாலியின் மில்லே மிக்லியா சாலைப் பந்தயத்தில் தன் பிரிவை வென்ற கே3 மேக்னெட்டின் பெயரை, வூல்ஸ்லி காரின் உடலைப் பகிர்ந்துகொண்ட ஒரு குடும்பக் காருக்குச் சூட்டலாமா என்று கேட்டார்கள். எம்ஜி என்ற பெயரில் முதலில், பல வண்டிகளுக்குப் பொதுவான பி-சீரிஸ் எஞ்சினைச் சுமந்தது அந்தக் குடும்பக் கார்தான் என்பதையும், அந்த எஞ்சின் பிறகுதான் வயர்வீல் ஐயாவின் எம்ஜிஏவுக்குள் 1955-இல் சென்றது என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

பிறகு என் வண்டியின் கதை. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974-இல் குரோம் பம்பர் நீக்கப்பட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, வண்டியின் உயரம் ஏறத்தாழ 1½ அங்குலம் கூட்டப்பட்டது. வளைவுகளில் அது முன்பைவிடச் சாய்கிறது என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் கிளப்பில் சேர்ந்த புதிதில், “அழகான வண்டி, குரோம் பம்பருக்கு மாற்றும் தொகுப்பை எப்போது வாங்கப் போகிறீர்கள்?” என்று கேட்காதவர் குறைவு. அந்தக் கேள்வியில் தீய எண்ணம் இல்லை. இருந்தும் ஒவ்வொரு முறையும் கதவருகே நிறுத்தி வைக்கப்பட்டதைப் போலவே உணர்ந்தேன். இப்போது ரப்பர் பம்பர் வண்டிகள் இல்லாமல் பல கிளைகளின் பயணமே நடக்காது, ஏனெனில் புதிதாக வருபவர்களின் பணப்பைக்கு எட்டும் எம்ஜிபி பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது.

மின்சார எம்ஜியும் எம்ஜிபியும் ஒன்று என்று நான் வாதிடவில்லை. இதற்கு முன் ‘இது எம்ஜி இல்லை’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அடுத்த இருபது ஆண்டுகளில் நாம் அதை மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற வரலாற்றை மட்டும் வைக்கிறேன்.

கோவைப்பட்டறை:

ஐயா, அம்மா, இருவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்துக்கு வந்ததில்லை, எம்ஜிஏவை நேரில் தொட்டதும் இல்லை. ஆனால் பி-சீரிஸ் எஞ்சினை நன்றாகவே தெரியும் என்று துணிந்து சொல்வேன், ஏனெனில் எங்கள் பட்டறையில் பிரித்துக் கட்டிய அம்பாசிடர்களுக்குள் இருந்தது அதுதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து வந்த அம்பாசிடருக்குப் பின்னாளில் பொருத்தப்பட்ட 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும், எம்ஜிஏவின் தொடக்க கால 1489 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம். தலைப்பகுதி, அழுத்த விகிதம், கார்புரேட்டர் எண்ணிக்கை ஆகியவற்றில் வேறுபாடு உண்டு. எங்களுக்கு ஒரு கார்புரேட்டர், உங்களுக்கு இரண்டு. ஆனால் டேப்பெட் கவரைக் கழற்றிப் பார்த்தால் அண்ணன் தம்பி என்பது உடனே தெரிந்துவிடும். கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனை அருகே எண்ணெய் கசியும் பழக்கத்தையும் இருவரும் விட்டதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வயர்வீல் ஐயா வைத்த வம்சாவளி அளவுகோலை அப்படியே ஏற்றால், சென்னையில் டாக்சியாக ஓடிய அம்பாசிடர் அவருடைய எம்ஜிஏவுக்கு எம்ஜி4-ஐவிட நெருங்கிய உறவாகிறது. அப்படியானால் எண்கோணச் சின்னம் இல்லாத அம்பாசிடருக்கு ஆகஸ்ட் காட்சியில் இடம் உண்டா? சின்னம் முக்கியமா, எஞ்சின் முக்கியமா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு யாரைச் சேர்ப்பது என்று பேசினால் நல்லது.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். பெட்ரோலில் எத்தனால் கலப்பதை உங்கள் கிளப் எப்படிச் சமாளிக்கிறது? எங்களுக்கு இங்கே 20 விழுக்காடு கலந்த பெட்ரோல்தான் இப்போது எங்கும் கிடைக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களின் நிலையைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது.

வயர்வீல்:

கோவைப்பட்டறை நண்பரே, என்னை நன்றாக மாட்டிவிட்டீர்கள். அம்பாசிடர் ஒன்று எங்கள் திடலுக்கு வந்தால் நானே வாசலுக்குச் சென்று அழைத்து வருவேன், என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி இரண்டு பானெட்டுகளையும் திறந்து வைப்பேன். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள்: அதை நான் வரவேற்பதற்குக் காரணம் வம்சாவளி மட்டுமில்லை, திறந்து பார்க்க அங்கே ஏதோ இருக்கிறது என்பதும்தான். மின்வண்டியின் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடியைத்தான் பார்க்கலாம். கிளப்பின் உயிர் கைவேலையில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயருகிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, இரண்டு எஸ்யூக்களும் ஒரே அளவில் காற்றை உறிஞ்சுகின்றனவா என்று சீறலைக் கேட்டுச் சரிசெய்யும் வித்தையை, புத்தகத்தைப் படித்து மட்டும் எவரும் கற்றதாக நான் அறியவில்லை. எனக்கு அதை நேட்டரில் சந்தித்த ஒரு முதியவர் கற்றுக்கொடுத்தார்.

எத்தனால் பற்றி: பிரித்தானியாவில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் இருக்கலாம். எங்களில் பெரும்பாலோர் 5 விழுக்காட்டுக்கு மிகாத சூப்பர் வகையை விலை கூடக் கொடுத்து வாங்குகிறோம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது, ஆகவே குளிர்காலம் முழுவதும் வண்டியை நிறுத்திவைப்பவர்கள் டாங்க்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்கக் கூடாது. ரப்பர்க் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் தரத்துக்கு மாற்றிவிடுவதும், கார்புரேட்டரின் மிதவை வால்வையும் சீல்களையும் அடிக்கடி பார்ப்பதும்தான் வழி. உங்களுக்கு அந்த 5 விழுக்காட்டுத் தேர்வு இல்லாததால் குழாய் மாற்றும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். எரிபொருள் கசிவு சூடான எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே நடந்தால் பேசுவதற்கு வண்டி இருக்காது.

அமைதியானமோட்டார்:

அனைவருக்கும் வணக்கம். நீங்கள் விவாதிக்கும் அந்தப் புதிய உறுப்பினர்களில் ஒருத்தியைப் போன்றவள் நான். வேறொரு வட்டாரக் கிளையில் எம்ஜி4-ஓடு சேர்ந்தேன். இங்கே என் தரப்பைச் சொல்ல யாரும் இல்லாததால் எழுதுகிறேன்.

எம்ஜி4-ஐ நான் வாங்கியது வரலாற்றுக்காக அன்று. மருத்துவமனைக்கு இரவுப் பணிக்குச் சென்றுவர, என் வருமானத்துக்கு ஏற்ற மின்வண்டியாக அது இருந்தது, அவ்வளவுதான். சின்னத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர், தாம் இளமையில் எம்ஜிபி ஓட்டியதைச் சொல்லி, ஒரு மாலை என்னை நேட்டருக்கு அழைத்துச் சென்றார். அவருக்கு இப்போது இரவில் வண்டி ஓட்டக் கண் ஒத்துழைப்பதில்லை, ஆகையால் ஒவ்வொரு மாதமும் நான்தான் அவரை அழைத்துச் செல்கிறேன். இதே காரணத்தால் வராமல் நின்றுவிட்ட வேறு சிலரையும் இப்போது ஏற்றிக்கொள்கிறோம். என் வண்டியின் வம்சாவளியை யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதில் நான்கு பேர் வசதியாக உட்காரலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும்.

வயர்வீல் ஐயா, பானெட்டுக்குள் பார்க்க ஒன்றுமில்லை என்கிறீர்கள். உண்மைதான், அதனால்தான் உங்கள் பானெட்டுக்குள் பார்க்க வந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்டின் இடைவெளியை அளப்பதை எனக்குக் கற்றுத்தந்தார்கள். மிட்ஜெட் ஒன்றின் கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ தகட்டில் துரு எங்கிருந்து தொடங்குகிறது என்பதைத் தரையில் படுத்துப் பார்த்தேன். என்னைப் போன்ற ஒருவர் நாளை ஒரு பழைய எம்ஜிபியை வாங்குவதற்கு முன், அதைப் பற்றி யாரிடமாவது பல மாதங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாமா? கையில் பழைய வண்டி இருந்தால்தான் வரிசையில் இடம் என்றால், பழைய வண்டியை வாங்கும் துணிவு எங்கிருந்து வரும்?

கடைசியாக ஒரு சின்ன நியாயம். 40 ஆண்டுகளைக் கடந்த உங்கள் வண்டிகளுக்குச் சாலை வரி இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து என் மின்வண்டிக்கு உண்டு. நீங்கள் ஓட்டும் சாலைகளுக்கு நான் வரி கட்டுகிறேன் என்பதையும் செயற்குழு கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

கவென்ட்ரிவாசி:

வணக்கம். வெளியாளாக ஒரு சொல். நான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவன். உங்களுடைய இந்தச் சிக்கல் எங்களுக்கு இல்லை, ஏனெனில் எங்கள் பெயரில் புதிய கார் எதுவும் வருவதில்லை. ட்ரையம்ப் பெயரில் கடைசிக் கார் 1984-இல் வந்தது, பெயருரிமை இப்போது பிஎம்டபிள்யூவிடம் உறங்குகிறது, கவென்ட்ரியில் இருந்த எங்கள் கேன்லி ஆலை இடிக்கப்பட்டுவிட்டது. ஆகவே எங்கள் வரிசை மிகத் தூய்மையானது. அந்தத் தூய்மையான வரிசையில் நிற்பவர்களின் சராசரி வயது ஆண்டுக்கு ஓர் ஆண்டு ஏறிக்கொண்டே இருக்கிறது என்பதையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் வட்டாரக் குழுவில் பொருளாளர் பதவிக்கு ஆள் தேடி அலைகிறோம். செய்திமடலைத் தொகுத்தவர் உடல்நலம் குன்றியதால் விலகினார், பல மாதங்கள் மடலே வரவில்லை. சாலைப் பயணம் என்றால் வழிப்புத்தகம் தயாரிக்க வேண்டும். சந்திப்புகளில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைக் காட்டும் துலிப் வரைபடங்களை ஒருவர் நேரில் ஓட்டிப் பார்த்து வரைய வேண்டும். மதிய உணவுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். மழை பெய்தால் திடல் சேறாகிவிடுமா என்று விவசாயியிடம் கேட்க வேண்டும். இவற்றைச் செய்பவரின் வண்டி எந்த ஆண்டில் தயாரானது என்று எங்களில் எவரும் இப்போது கேட்பதில்லை. மோர்கன் வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். மால்வெர்னில் இன்றும் வண்டி செய்கிறார்கள், புதியவருக்கும் பழையவருக்கும் இடையே இப்படிப்பட்ட சண்டையே எழுவதில்லை.

எம்ஜிகாரர்களுக்கு இன்றும் புதிய உறுப்பினர்கள் தாமாக வந்து கதவைத் தட்டுகிறார்கள். அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வதைப் படிக்கும்போது, பசியோடு இருப்பவன் விருந்து வீட்டுச் சச்சரவைக் கேட்பது போல இருக்கிறது.

ரப்பர்பம்பர்:

கவென்ட்ரிவாசி எழுதியது என் மனத்திலும் இருந்தது. அதோடு ஒரு செய்தியையும் சேர்க்கிறேன், இது இழைக்குத் தொடர்புடையதுதான். 2025 ஆகஸ்ட் 26 முதல் பிரித்தானிய வாகனப் பதிவு அலுவலகத்தின் விதிகள் தளர்த்தப்பட்டிருக்கின்றன. வண்டியின் தோற்றம் மாறாமல் அதே வகை உதிரிபாகங்களைக் கொண்டு செய்யும் பழுதுபார்ப்பையும் மீட்டெடுப்பையும் இனி அறிவிக்கத் தேவையில்லை. எம்ஜிபிக்கு முழு உடற்கூடே புதிதாகக் கிடைக்கிறது; பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் அசல் அச்சுகளைக் கொண்டு அதை 1988 முதல் செய்துவருகிறது. ஆகவே ‘அசல்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாரையும் வெளியே நிறுத்துவதற்கு முன், நம் வரிசையில் நிற்கும் வண்டிகளின் கதவு, சில், தரைத்தகடு ஆகியவற்றில் எவ்வளவு ஆபிங்டனைப் பார்த்திருக்கிறது என்று நம்மையே கேட்டுக்கொள்வது நியாயம்.

வயர்வீல் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் எம்ஜிஏவின் மரத் தரைப்பலகைகள் புதியவை என்பதை நீங்களே முன்பு வேறொரு இழையில் படத்தோடு எழுதியிருக்கிறீர்கள்.

வயர்வீல்:

கோபமில்லை அம்மா. தரைப்பலகை அழியும் பொருள், பிரேக் லைனிங்கைப் போல. ஆனாலும் குத்து சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

அமைதியானமோட்டார் எழுதியதைப் படித்த பிறகு என் நிலையைச் சற்றுத் திருத்திச் சொல்கிறேன். இரவில் ஓட்ட முடியாத உறுப்பினர்களை அவர் அழைத்துவருகிறார் என்பது, நான் வம்சாவளி பற்றி எழுதிய பத்தியைவிடக் கிளப்புக்குப் பயனுள்ளது. அதை மறுப்பவன் நான் இல்லை. இருந்தும் டிரைவ் இட் டே விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த நாள் வரலாற்று வண்டிகளுக்காகவே நாடு முழுவதும் ஒதுக்கப்பட்டது. சாலையோரம் நின்று கையசைக்கும் மக்களுக்கும், பழைய வண்டிகள் சாலையில் ஓடும் உரிமையைக் காக்கப் பாடுபடும் கூட்டமைப்புக்கும், ‘இவை இன்னும் ஓடுகின்றன’ என்று காட்டுவதுதான் அன்றைய வேலை. மற்ற நாள்களைப் பற்றி நாம் பேசிக்கொள்ளலாம்.

எண்கோணம்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு நிதானமாக விவாதம் செல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செயற்குழுக் கூட்டத்தில் இதே விஷயத்துக்குத் தேநீர் ஆறிப்போகும் அளவுக்குச் சத்தம் இருந்தது.

என் கருத்தைச் சொல்வதாகக் கூறியிருந்தேன். காட்சித் திடலில் வரிசையைப் பிரிப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன், ஏனெனில் அது பார்வையாளருக்காக அமைக்கப்படுவது. ‘டிரிபிள் எம்’ (போருக்கு முந்தைய மிட்ஜெட், மேக்னா, மேக்னெட்), டி வகை, எம்ஜிஏ, குரோம், ரப்பர் என்று இப்போதும் பிரித்துத்தான் நிறுத்துகிறோம். லாங்பிரிட்ஜ் கால வண்டிகளுக்கும் இன்றைய மின்வண்டிகளுக்கும் அதே வாசலுக்குள், அதே திடலில் இன்னும் இரண்டு வரிசைகள் சேர்வது இயல்பான தொடர்ச்சிதான். வரிசை இருக்கலாம், வேலி இருக்கக் கூடாது. எம்ஜியின் சைபர்ஸ்டர் என்ற இரண்டு இருக்கைத் திறந்த மின்வண்டி ஒன்று எங்காவது வந்து நின்றால், அதைச் சுற்றிக் கூடும் கூட்டத்தைப் பார்த்து வயர்வீல் போன்றவர்களே மனத்தை மாற்றிக்கொள்ளவும் கூடும். மாலைச் சந்திப்பு, தொழில்நுட்ப வகுப்பு, புதையல் வேட்டை ஆகியவற்றில் வேறுபாடே கூடாது. அங்கே வண்டிகள் சந்திப்பதில்லை, அவற்றைக் கவனித்துக்கொள்பவர்கள் சந்திக்கிறார்கள்.

டிரைவ் இட் டே விஷயத்தில் வயர்வீலோடு உடன்படுகிறேன். நினைவுப் பலகையைப் பொருத்திக்கொண்டு செல்லும் வரிசை பழைய வண்டிகளுடையதாகவே இருக்கட்டும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த வரிசையின் கடைசியில் கருவிப்பெட்டி, தண்ணீர், மாற்று விசிறிப் பட்டை, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றோடு ஒரு நவீன வண்டி வந்தே தீர வேண்டும். இதுவரை என் மனைவி தன் அன்றாட வண்டியில் அந்த வேலையைச் செய்துவந்தாள். வழியில் நின்றுவிட்டவரின் பக்கத்தில் நின்று சேவை வாகனம் வரும்வரை காத்திருப்பதும், குளிரில் நடுங்கும் இணைப்பயணியைச் சூடான வண்டிக்குள் உட்காரவைப்பதும் அவளுடைய பொறுப்பாகவே இருந்தன. இந்த ஆண்டு அந்த இடத்தை எம்ஜி4 ஒன்றுக்குக் கொடுக்கலாம் என்பது என் பரிந்துரை. அவளும் ஒருமுறையாவது மிட்ஜெட்டில் உட்கார்ந்து பயணம் செய்யட்டும்.

அடுத்த கூட்டத்தில் இதைத்தான் தீர்மானமாக முன்மொழியப் போகிறேன்.

அமைதியானமோட்டார்:

நல்ல தீர்வாகத் தெரிகிறது. கடைசி வண்டியாகச் செல்வதில் எனக்குத் தாழ்வு ஏதும் தோன்றாது. வளைவு நெளிவான வேலிச் சந்துகளில் தடம் விலகினால் எச்சரிக்கும் என் வண்டியின் மணி விடாமல் ஒலிக்கும் என்பதால், பின்னால் யாரும் இல்லாமல் இருப்பதே எனக்கும் நல்லது.

உங்கள் ஆகஸ்ட் காட்சிக்கு ஒரு யோசனை. எங்கள் கிளை சென்ற கோடையில் தேநீர்க் கூடாரத்துக்கு ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தது. அதன் இரைச்சலில் பக்கத்து மேசையில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. எம்ஜி4-இலிருந்து வெளிக்கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கலாம். அதற்கான இணைப்புக் கம்பியை மட்டும் தனியாக வாங்க வேண்டும். சிறிய கெட்டிலுக்கு அது போதும். பெரிய கொதிகலனாக இருந்தால் அதன் வாட் அளவைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.

வயர்வீல்:

எங்கள் மண்டபத்துக் கொதிகலன் பழையது, அதன் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். கார்புரேட்டர் மாலைக்கு நான் சீக்கிரமாகவே செல்வேன். அப்போது அதைக் கவிழ்த்துப் பார்த்து இங்கே எழுதுகிறேன். கோவைப்பட்டறை நண்பர் அம்பாசிடர் எஸ்யூவில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியின் எண்ணையும், அதன் மேல் அறையான டேஷ்பாட்டில் இப்போது ஊற்றும் எண்ணெயின் தரத்தையும் தெரிவித்தால், அன்று எங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.